44 கழுதைகள்: புவாத்து இனம் மீண்டது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

1977-ல் பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அங்குள்ள புவாத்து வட்டாரத்தின் பெயரைக் கொண்ட கழுதை இனத்தில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அன்னிக் ஒடியோ என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தார். கிடைத்தது மொத்தமே 44. ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் பேர் பெற்றிருந்த இனம், ஒரு நடுத்தர மாட்டுக் கொட்டகைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

இன்று அந்த இனம் அழியவில்லை. 2005 வாக்கில் பதிவு பெற்ற கழுதைகள் 450 அளவுக்கு வந்துவிட்டன. இதை வெற்றிக்கதை என்றே பலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் 44 என்பது 450 ஆனது இந்தக் கதையின் ஒரு பாதிதான். அந்த 450-க்குள் எத்தனை வகையான மரபணு ஓடுகிறது என்பது மறுபாதி. நாட்டுக் கழுதை இனங்களைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். அதனால் அதையே இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் விலங்கைப் பார்த்துவிடுவோம். புவாத்து பெரிய கழுதை. ஆண் ஏறத்தாழ 1.40 முதல் 1.50 மீட்டர் உயரம் நிற்கும், சின்னக் குதிரை அளவு. உடல் கரும்பழுப்பு. மூக்கும் கண்ணைச் சுற்றிய வளையமும் அடிவயிறும் வெளிறிய சாம்பல் நிறம். சாதாரணக் கழுதையின் முதுகில் ஓடும் கருப்புக்கோடு இதற்கு இருக்கக்கூடாது என்பது இன இலக்கணம். எல்லாவற்றுக்கும் மேலே அதன் ரோமம். சீவாமல் விட்டால் அது உதிராமல் பழைய ரோமத்தோடு புதியது பின்னி, கயிறு கயிறாகத் திரண்டு, விலாவிலிருந்து முழங்கால் வரை தொங்கும். சடை விழுந்த இந்தக் கழுதைக்கு அந்த ஊர்க்காரர்கள் 'புராயு' என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். சடை எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பு. அதனால் யாரும் அதைச் சீவிவிடுவதில்லை. 1717-லேயே, பெரிய கோவேறு கழுதையின் உயரமும் அரை அடி நீள ரோமமும் கொண்ட கழுதைகள் 'மேல் புவாத்து' என்ற பகுதியில் இருப்பதாகப் பிரெஞ்சு அரசவைக்கு எழுதப்பட்ட குறிப்பு ஒன்று சொல்கிறது.

தன் இனத்துக்காகப் பிறக்காத கழுதை

இந்தக் கழுதையை யாரும் மூட்டை சுமக்க வளர்க்கவில்லை. அது பொலி கழுதை, அதாவது சேர்க்கைக்கென்றே வைத்திருக்கும் ஆண். அதே பகுதியில் புவத்வேன் என்ற கனத்த வண்டிக்குதிரை இனம் ஒன்று உண்டு. புவாத்து ஆண் கழுதையை அந்தப் பெட்டைக் குதிரையோடு சேர்த்தால் பிறப்பது புவாத்துக் கோவேறு கழுதை. காசு தந்தது அதுதான். உழவுக்கும் வண்டிக்கும் ராணுவத்துக்கும் அதைத் தேடி வந்து நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். 1920-களில் புவாத்துவில் மட்டும் ஆண்டுக்கு 18,000-க்கு மேல் விற்றதாக ஒரு மதிப்பீடு இருக்கிறது.

இந்த வழக்கம் புதிதும் அல்ல. 2022-ல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, இன்றைய கழுதைகள் 207, தொல்லியல் எச்சங்கள் 31 என்று எடுத்து முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டது. கழுதை ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு முறை பழக்கப்படுத்தப்பட்டது என்று அது காட்டியது. அதே ஆய்வில் வடகிழக்கு பிரான்சின் ஒரு ரோமானியப் பண்ணையிலிருந்து கிடைத்த கழுதைகளும் இருந்தன. அவை 155 செ.மீ. வரை உயரம் கொண்டவை. ரோமானியப் படைக்கும் வணிகத்துக்கும் கோவேறு கழுதை தேவைப்பட்ட காலத்தில், பெரிய பொலி கழுதைகளை நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். புவாத்துவின் சிக்கலுக்கு 1,700 ஆண்டு பழைய முன்மாதிரி இருந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சரி, அது என்ன சிக்கல்? குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை எண் என்பதால் இனப்பெருக்க செல் உருவாகும்போது ஜோடி சேராது. ஆகவே அது மலடு. இப்போது ஒரு பொலி கழுதையின் வாழ்நாளை நினைத்துப் பாருங்கள். பருவம் முழுக்கப் பெட்டைக் குதிரைகளோடு அதைச் சேர்க்கிறார்கள். அதன் குட்டிகள் எல்லாம் ஊர் ஊராக விலைபோகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அதன் மரபணுவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகாது. இனத்தின் மிகச் சிறந்த ஆண்கள் தங்கள் காலத்தின் பெரும்பகுதியை முட்டுச்சந்தில் செலவழித்தார்கள். பெட்டைக் கழுதைக்கு இருந்த வேலை ஒன்றுதான்: அடுத்த பொலி கழுதையை ஈன்று தருவது. அதற்குச் சில பெட்டைகள் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதே கணக்கு குதிரைக்கும் பொருந்தும். கோவேறு கழுதையைச் சுமக்கும் ஆண்டில் அந்தக் குதிரை தன் இனத்துக்குக் குட்டி போடாது. கோவேறு கழுதைக்குக் கிராக்கி ஏற ஏற, அதைத் தரும் இரண்டு இனங்களும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே வந்தன. 1884-ல் வம்சப் பதிவேடு தொடங்கப்பட்டது. அது நல்ல காரியம், பின்னாளில் அதுதான் கைகொடுத்தது. ஆனால் பதிவேடு வந்ததும் வெளி ரத்தம் உள்ளே வர வழி அடைபட்டது.

அப்புறம் டிராக்டர் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோவேறு கழுதையின் சந்தை சரிந்தது. மூன்று விலங்குகளும் ஒரே தொழிலைச் சுற்றிக் கட்டப்பட்டவை. அந்தத் தொழில் போனதும் மூன்றுக்கும் பிழைப்பு இல்லை. பசுவோ ஆடோ என்றால் ஒரு பயன் போனாலும் இன்னொன்று தாங்கும். புவாத்துக்கு அப்படி இன்னொரு பயன் இருக்கவில்லை.

எண்ணிக்கையை நம்பக்கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு

44 கழுதைகளில் குட்டி, கிழம், சினை பிடிக்காதது எல்லாம் போக, உண்மையில் இனம் பெருக்கக்கூடியவை எத்தனை என்பதுதான் கேள்வி. மரபியலில் இதற்குப் 'பயனுறு எண்ணிக்கை' என்று பெயர். சூத்திரம் எளிது: ஆண், பெட்டை எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு 20 பெட்டை, 5 ஆண் என்று வைத்துக்கொள்வோம். பயனுறு எண்ணிக்கை 16 வரும். அந்த ஐந்து ஆண்களில் இரண்டைத்தான் எல்லாரும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அது 7.3 ஆகச் சரியும். இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த இரண்டே ஆண்களை வைத்துக்கொண்டு பெட்டைகளை 20-லிருந்து 100 ஆக உயர்த்துங்கள். தொழுவம் நிறைந்துவிடும், பத்திரிகையில் படம் வரும். பயனுறு எண்ணிக்கையோ 7.3-லிருந்து 7.8-க்குத்தான் ஏறும். மாறாக, அதே 20 பெட்டைகளுக்கு 10 ஆண்களைப் பங்கிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை 26.7-க்குப் போகும். எண்பது பெட்டைகளைக் கூடுதலாக வளர்த்துச் சாதிக்க முடியாததை எட்டு ஆண்களை ஒதுக்காமல் வைத்திருப்பது சாதித்துவிடுகிறது.

இதை ஐந்து தலைமுறைக்கு நீட்டினால் வித்தியாசம் உறைக்கும். பயனுறு எண்ணிக்கை 7.3 என்றால் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். 26.7 என்றால் இழப்பு ஏறக்குறைய 9 விழுக்காட்டோடு நிற்கும். பொதுவாகப் பயனுறு எண்ணிக்கை 50-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இனப்பாதுகாப்புத் துறையில் சொல்வது இதனால்தான்.

போவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சத்தமில்லாமல் நடக்கிறது. ஒரு அரிய மரபணு வடிவம் ஒரே ஒரு பெட்டையிடம், அதன் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அது ஒரு குட்டிக்குப் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தப் பெட்டை இரண்டே குட்டி போட்டுவிட்டுச் செத்தால், இரண்டுக்கும் போகாமல் தொலைய நாலில் ஒரு வாய்ப்பு. கழுதையின் சினைக்காலம் ஏறத்தாழ ஓர் ஆண்டு, ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. வாழ்நாளில் மொத்தம் எத்தனை ஈற்று கிடைத்துவிடும்? தொலைந்தது எந்த மரபணு என்று யாருக்கும் தெரியாது. நோய் எதிர்ப்போ, குளம்பின் உறுதியோ, பால் சுரப்போ, பின்னால் ஒரு நாள் தேவைப்படும்போதுதான் அது இல்லை என்பது தெரிய வரும்.

போர்ச்சுகலிலிருந்து வந்த பெட்டைகள்

1980-களின் தொடக்கத்தில் தேசியக் குதிரைப் பண்ணைத் துறை, புவாத்துச் சதுப்புநில இயற்கைப் பூங்கா, வளர்ப்பவர்கள் என்று பலரும் சேர்ந்து காப்பு வேலையில் இறங்கினார்கள். தாம்பியேர்-சுர்-புத்தோன் என்ற ஊரில் இந்த இனத்துக்கென்றே ஒரு கழுதைப் பண்ணை அமைந்தது. 1988-ல் 'சபோத்' என்ற காப்புச் சங்கம் உருவானது.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு ஒன்றை அவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. இருக்கிற சில பெட்டைகளை மட்டும் நம்பினால் இனம் பெருகுவதற்குள் உறவுச்சேர்க்கை முந்திக்கொள்ளும். அதனால் போர்ச்சுகலிலிருந்து பெரிய உருவமுள்ள பெட்டைக் கழுதைகளை வரவழைத்து, புவாத்து ஆண்களோடு சேர்த்தார்கள். பிறக்கும் பெட்டைக்குட்டியை மறுபடி வேறொரு புவாத்து ஆணோடு, அதன் மகளை இன்னொரு புவாத்து ஆணோடு என்று தொடர்ந்தார்கள். இதற்குப் பின்சேர்க்கை என்று பெயர். முதல் தலைமுறை பாதி புவாத்து. இரண்டாவது முக்கால். மூன்றாவது 87.5 விழுக்காடு. இப்படியே போனால் ஏழாவது தலைமுறையில் 99.2 விழுக்காடு. பதிவேட்டையும் இரண்டாகப் பிரித்தார்கள்: தூய வம்சத்துக்கு ஒன்று, கலப்பில் ஏறி வருபவற்றுக்கு ஒன்று.

ஏழு தலைமுறை என்பதை எழுதுவது சுலபம். பெட்டை மூன்று வயதில் சினைபிடித்து நான்கில் ஈன்றால்கூட, ஏழு தலைமுறைக்கு 28 ஆண்டு ஆகும். நடுவில் ஒரு ஈற்று ஆண்குட்டியாகப் போனால் அந்தக் கிளைக்கு இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்த வேலையைத் தொடங்கிய பலர் அதன் பலனைத் தங்கள் நடுவயதுக்குப் பிறகுதான் பார்த்திருப்பார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலை வணங்குகிறேன்.

'கலப்பு செய்தால் அது நாட்டு இனமா?' என்ற கேள்வி இந்த இடத்தில் வரத்தான் செய்யும். நியாயமான கேள்வி. அதற்கு மரபணு ஒரு விசித்திரமான பதில் வைத்திருக்கிறது. செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்கள் தலைமுறைக்குப் பாதியாகக் கரையும், அதுதான் மேலே போட்ட கணக்கு. ஆனால் உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பில் இருக்கும் மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும். அது கரையாது. போர்ச்சுகல் பெட்டையின் மகள், அவள் மகள், அவள் மகள் என்று ஏழாவது தலைமுறைக்கு வந்தாலும் மைட்டோகாண்ட்ரியா நூற்றுக்கு நூறு போர்ச்சுகல்தான். அதே கிளையில் பிறக்கும் ஆண்குட்டிக்குத் தந்தையிடமிருந்து மட்டுமே வரும் ஒய் குரோமோசோமோ நூற்றுக்கு நூறு புவாத்து. ஆக, உட்கருவைக் கேட்டால் அது புவாத்து என்னும், தாய்வழியைக் கேட்டால் வேறு ஊர்க்காரி என்னும்.

என் கருத்தில் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தூய்மையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் தூய்மையான கழுதை ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். ஆனால் இதனால் ஒரு கடமை கூடுகிறது. பழைய 44-ல் இருந்து நேராக இறங்கி வரும் தாய்வழிகள் எவையெவை என்று பதிவேட்டைப் பார்த்து அடையாளம் கண்டு, ஒவ்வொரு வழியிலும் குறைந்தது இரண்டு மூன்று பெட்டைகளாவது அடுத்த தலைமுறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தாய்வழி அறுந்தால் அதை எந்தப் பின்சேர்க்கையாலும் ஒட்டவைக்க முடியாது.

சடை சொல்லும் பொய்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் சடைதான். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, கழுதையின் நீளமான ரோமத்துக்கு எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணுவில் உள்ள இரண்டு மாற்றங்கள் காரணம் என்று காட்டியது. ரோமக்காலுக்கு 'போதும், வளர்ச்சியை நிறுத்து' என்று சொல்லும் மரபணு அது. அது கெட்டுப்போனால் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை, ரோமம் வளர்ந்துகொண்டே போகிறது. பூனை, நாய் போன்றவற்றின் நீண்ட ரோமத்துக்குப் பின்னாலும் இதே மரபணு உண்டு. இது ஒடுங்கு பண்பு. தாய் ஒன்று, தந்தை ஒன்று என்று இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் சடை வெளியே தெரியும்.

இப்போது அந்தப் பின்சேர்க்கையை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் குட்டை ரோமமுள்ள போர்ச்சுகல் பெட்டை, தந்தை சடையுள்ள புவாத்து. அந்தத் தாயிடம் இந்த மாற்றம் ஒளிந்திருக்கவில்லை என்றால் முதல் குட்டிகள் எல்லாம் குட்டை ரோமம். அந்த மகளைச் சடையுள்ள ஆணோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பாதிக்குப் பாதி சடையோடு பிறக்கும். முக்கால்வாசி மட்டுமே புவாத்தாக இருக்கும் அந்தச் சடைக்குட்டி, பார்க்கிறவர் கண்ணுக்கு அசல் புவாத்து. பக்கத்திலேயே நான்கு தலைமுறை ஏறி 93.75 விழுக்காடு புவாத்தாகிவிட்ட ஒரு பெட்டை, குட்டை ரோமத்தோடு யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கலாம்.

ஒரே ஒரு மரபணு இப்படி ஆளை ஏமாற்றும். அழகைப் பார்த்து, சடையைப் பார்த்துப் பொலி கழுதையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. எல்லாரும் ஒரே அழகனைத் தேடி ஓடினால் மேலே போட்ட 7.3 கணக்கில்தான் போய் நிற்போம். நல்லவேளையாக இன்று ரத்தத்திலோ ரோம வேரிலோ சோதனை செய்து, குட்டை ரோமமுள்ள கழுதை அந்த மாற்றத்தைச் சுமக்கிறதா என்று சொல்லிவிடலாம். சுமந்தால் அதைக் கழித்துக்கட்டத் தேவையே இல்லை. சடை ஒரு தலைமுறை தள்ளி வரும், அவ்வளவுதான்.

பெயர் இருந்ததால் தப்பியது

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புவாத்து தப்பியதற்கு ஒரு காரணம், அதற்குப் பெயர் இருந்தது. 1884 முதல் பதிவேடு இருந்தது. கண்ணைக் கவரும் சடை இருந்தது. ஸ்பெயினின் காட்டலான், இத்தாலியின் மார்த்தினா ஃபிராங்கா, போர்ச்சுகலின் மிராண்டா ஆகியவையும் பெயர் பெற்றவை. அவற்றுக்கும் சங்கம் உண்டு, கணக்கு உண்டு. உலகத்தின் பெரும்பாலான நாட்டுக் கழுதைகளுக்கு அதெல்லாம் இல்லை. வெறும் 'கழுதை' என்று மட்டுமே அழைக்கப்படும் மந்தைகள் அவை. வறட்சியைத் தாங்கும் உடம்பும் கொஞ்சம் தீனியில் நெடுந்தூரம் நடக்கும் திறமும் அவற்றில்தான் இருக்கின்றன. சீனத்து எஜியாவ் மருந்துக்காகக் கழுதைத் தோல் வாங்கும் வணிகம் இந்தப் பெயரற்ற மந்தைகளைத்தான் முதலில் காலி செய்கிறது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதையை வெட்டுவதற்குத் தடை கொண்டுவர ஒப்புக்கொண்டது பெரிய காரியம். அதோடு கூடவே, எந்த வட்டாரத்தில் என்ன வகைக் கழுதை இருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்று மரபணுவில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து எழுதி வைக்கும் வேலை நடந்தாக வேண்டும்.

இன்றைய நிலை

புவாத்து இன்று பல நாடுகளில் வளர்கிறது. சிறிய அளவில் கோவேறு கழுதையும் பிறக்கிறது. மேய்ச்சல் நிலப் பராமரிப்பு, சுற்றுலா, வண்டி என்று புதுப்புது வேலைகள் வந்திருக்கின்றன. ஒரே தொழிலை நம்பியிருந்த நிலை மாறியதே எனக்குப் பெரிய ஆறுதல்.

சேர்க்கையை முடிவு செய்வதிலும் இப்போது நல்ல வழிகள் உண்டு. பதிவேட்டோடு மரபணுக் குறியீடுகளையும் வைத்து, இந்தப் பெட்டைக்கு எந்த ஆண் மிகத் தூரத்து உறவு என்று கணக்கிட்டுச் சேர்க்கலாம். ஓர் ஆண் சில பருவங்களுக்கு மேல் ஒரே பகுதியில் இருக்காமல் பண்ணைகளுக்கிடையே சுழற்றலாம். குறைவாகக் குட்டி தந்த ஆணுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். வளர்ப்பவருக்கு இது கசக்கும், ஏனென்றால் பரிசு வாங்கிய கழுதையை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத ஒன்றைத் தன் பெட்டைக்குச் சேர்க்கச் சொல்கிறோம். அதனால் வெறும் அறிவுரை போதாது. அப்படிச் சேர்க்கிறவருக்கு உதவித்தொகை கூடுதலாகக் கிடைக்கும்படி வைத்தால்தான் நடக்கும் என்பது என் எண்ணம்.

உறைவிந்து இருக்கிறதே, எல்லா ஆண்களிடமிருந்தும் எடுத்துத் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டால் கவலை விட்டதே என்று கேட்கலாம். எடுத்து வைக்கத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் கழுதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. உறைய வைத்த கழுதை விந்து பெட்டைக் குதிரையிடம் ஓரளவு நன்றாகச் சினை பிடிக்கிறது. பெட்டைக் கழுதையிடம் மிகக் குறைவாகவே பிடிக்கிறது. உறைய வைக்கச் சேர்க்கும் கிளிசரால், பெட்டைக் கழுதையின் கருப்பையில் எழும் அழற்சி என்று பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. அதாவது, மலட்டுக் கோவேறு கழுதையை உண்டாக்க உதவும் அளவுக்கு அந்த உறைவிந்து கழுதையை உண்டாக்க இன்னும் உதவவில்லை. இந்த முட்டுக்கட்டை நீங்கும்வரை, அதிகம் பயன்படாத அந்த எட்டு ஆண்களையும் தீனி போட்டு, குளம்பு வெட்டி, உயிரோடு தொழுவத்தில் வைத்திருக்கத்தான் வேண்டும். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதுதான் ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் முதலில் பேசி முடிக்க வேண்டியது.